வளைவுக் கல்லில் ஒரு மந்திரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அது மணி என்ற பேர்க்காரன் ஒருவனின் முதுகில்தான் விழும். வெறும் மணி, பாதி மணி, முன்னால் சாமி பெயர் ஒட்டிய மணி என்று, நாங்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளில், லயத்துக்கு ஒருவராவது இருப்பார். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனாலும் மடுல்சீமை ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறி வரும் பாதையில், வளைவில் நிற்கிற பெரிய கல்லில், வெள்ளைப் பெயின்டால் ‘ஓம் மணி பத்மே ஹூம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதிய அன்று அது என் மண்டையில் உறைக்கவே இல்லை. திபெத்துக்காரர்களின் மந்திரத்தைத் தமிழில் எழுதிவிட்டோம் என்ற பெருமையில் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

திபெத்துக்கும் மடுல்சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். குவைத்தில் ஒரு சமையலறைதான் சம்பந்தம்.

அந்த வீட்டுக்கு நான் வேலைக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள். நேபாளத்தின் வடக்கே, பனிமலைக்குப் பக்கத்து ஊர். தாய் தகப்பன் திபெத்திலிருந்து நடந்து வந்தவர்கள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் அரபியும் நிறையக் கைச்சாடையும்தான். அவள் துணி தேய்க்கும்போதெல்லாம் உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. இவள் என்னைத்தான் திட்டுகிறாள் என்று எனக்கு ஒரே சந்தேகம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு போய் நின்றேன். “திட்டுறதுன்னா வாயத் தொறந்து திட்டு, நானும் திருப்பித் திட்டுறேன்” என்று தமிழிலேயே கத்தினேன். அவள் பயந்துபோய்ச் சட்டைக்குள்ளிருந்து ஒரு மணிமாலையை எடுத்துக் காட்டினாள். பிறகு மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னாள். ஓம், ம, ணி, பத், மே, ஹூம் என்று விரல் விட்டு எண்ணி, ஆறு என்று காட்டினாள்.

“ஆறெழுத்தா? எங்க முருகனுக்கும் ஆறெழுத்துதான்” என்றேன். என் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

அது கருணைக்கான தெய்வத்தின் மந்திரம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்லுக்குச் சொல் அர்த்தம் கேட்டபோது உதட்டைப் பிதுக்கினாள். பால்குடி வயதிலிருந்து சொல்லி வருகிறாள், யாரும் பிரித்துச் சொன்னதில்லை. எனக்கோ கேட்ட மாத்திரத்திலேயே பாதி புரிந்த மாதிரி இருந்தது. மணி நம்ம மணி. பத்மம் நம்ம தாமரை. ரொட்டிக்குப் பரப்பியிருந்த மாவில் விரலால் ஒரு தாமரையை வரைந்து, நடுவில் ஒரு கடலையை வைத்துக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு ரொட்டி சுடத் தாமதமாகி, வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு பேரும் சேர்ந்து ஏச்சு வாங்கினோம்.

அதற்குப் பிறகு எனக்கு அந்த ஊர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது. துளைத்துத் துளைத்துக் கேட்பேன். அவள் டீயில் வெண்ணெயும் உப்பும் போட்டு அடித்துக் குடிப்பாள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. எங்கக்கா மழையில் நனைந்து பறித்து அனுப்புகிற கொழுந்தில் இவள் உப்பைப் போடுகிறாளே! “டீக்கு உப்பு போடுறது பாவம்டி” என்று சண்டைக்கே போனேன். பிறகு ஒரு குளிர்நாளில் குடித்துப் பார்த்தேன். டீ என்று நினைத்தால்தான் கஷ்டம். கஞ்சி என்று நினைத்துக் குடித்தால் தொண்டைக்கு இதமாகத்தான் இருந்தது.

இன்னொன்று சொன்னாள். உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு உயிரும் ஏதாவது ஒரு பிறவியில் நமக்கு அம்மாவாக இருந்திருக்குமாம். அதனால் எதையும் அடிக்கக்கூடாது. நான் எங்கள் தோட்டத்து அட்டைகளை நினைத்துப் பார்த்தேன். மழை பெய்தால் காலில் ஏறி, ரத்தம் குடித்து, பட்டாணி மாதிரி உருண்டு விழுகிற அட்டை! “அதுவுமா எங்கம்மா?” என்று விரலை வளைத்து நெளித்துக் காட்டிக் கேட்டேன். அதுவும்தான் என்றாள். சிரிக்காமல் சொன்னாள்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அந்தக் கல் சங்கதிதான். அவர்கள் ஊர்ப் பாதையோரங்களில் இந்த மந்திரத்தை எழுதிய கற்கள் இருக்குமாம். எழுதியவனுக்குப் புண்ணியம், வாசிக்கிறவனுக்குப் புண்ணியம், வாசிக்காமல் சும்மா கடந்து போகிறவனுக்கும் உண்டு. ஆட்டுக்கும் உண்டா என்று கேட்டேன். ஆட்டுக்கும் உண்டு, கல்லைத் தொட்டுப் போகிற காற்றுக்கும் உண்டு என்றாள். கல்லை வலக்கைப் பக்கம் வைத்துக் கடக்க வேண்டும், நாம் கோயிலில் வலம் வருகிற மாதிரி. வெளியே போக முடியாமல் இருந்த அந்த வீட்டில், யாரிடமும் அனுமதி கேட்காமல் பாதையோரம் நின்று எல்லாருக்கும் நல்லது செய்கிற ஒரு கல்லை நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது. ஊருக்குப் போனதும் உன் பேரில் ஒரு கல் எழுதுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

வந்ததும் எழுதினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

எனக்கென்று குடும்பம் இல்லை. அக்கா வீட்டோடுதான் இருக்கிறேன். அக்கா கொழுந்து பறிக்கிறாள், அக்கா புருஷன் கொழும்பில் கடையொன்றில் வேலை, தீபாவளிக்குத்தான் முகத்தைக் காட்டுவார். போனில் திபெத்துப் படங்களை நான் போட்டுப் போட்டுப் பார்ப்பதை அக்கா தலையில் அடித்துக்கொண்டு பார்ப்பாள். “ஊரு ஒலகத்துல குவைத்துக்குப் போறவங்க அத்தர் கொண்டாருவாங்க, கம்பளி கொண்டாருவாங்க. என் தங்கச்சி மந்திரம் கொண்டாந்திருக்கா” என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். பதுளை டவுனில் ஹார்ட்வெயார்க் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் பெயின்ட் வாங்கும்போது, “கோயில் வேலையாம்மா?” என்று கேட்டார். “ஆமா நானா, ஒரு மாதிரிக் கோயில்தான்” என்றேன்.

வளைவுக் கல்லில் அதுவரை கிழிந்துபோன எலெக்ஷன் போஸ்டர் ஒன்றும், காதலர்கள் கரியால் எழுதி வைத்த பெயர்களும்தான் இருந்தன. எல்லாவற்றையும் தேங்காய்மட்டையால் தேய்த்துக் கழுவிவிட்டு எழுதினேன். கோயில் தலைவர் வந்து, “இது யாரு சாமி? நாளைக்கி யாராச்சும் வந்து எடம் அவங்களோடதுன்னு சொல்லிறப் போறாங்க” என்று முகத்தைச் சுளித்தார். தமிழ் எழுத்துதானே, அதிலும் ஆறெழுத்து மந்திரம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினேன். “ஓம்ல ஆரம்பிக்குது, ஆறெழுத்துங்கிற, அப்ப முருகனுக்கு ஆகாம இருக்காது” என்று அவரே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். கொழுந்துக்குப் போகிற பெண்கள் போகிற போக்கில் வாசித்துக்கொண்டு போனார்கள். எனக்கு மனசு குளிர்ந்தது.

இனிமேல்தான் அக்கா மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவோம். லயத்தில் எல்லாருக்கும் அவள் பாப்பாதான். பள்ளிக்கூடத்திலும் சாதகத்திலும் இருக்கிற பெயர் வேறு. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அதுதான் ஏற்கெனவே கல்லில் எழுதியாகிவிட்டதே! சத்தியமாக எனக்கு அது தோன்றவில்லை. இருபத்துச் சொச்சம் வருஷமாக வாய் நிறையப் பாப்பா பாப்பா என்று கூப்பிடுகிறவளுக்கு, சாதகத்தில் இருக்கிற பெயர் எங்கே ஞாபகம் வரப்போகிறது?

பாப்பா பதுளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள். வெலிமடையிலிருந்து லொறியில் லீக்ஸும் கரட்டும் கொண்டுவருகிற பையன் ஒருவன், அம்மாவுக்கென்று ஒரு சேலை வாங்கினான். அடுத்த வாரம் அம்மாவுக்குக் கலர் பிடிக்கவில்லையாம் என்று மாற்ற வந்தான். அதற்கடுத்த வாரம் கரை பிடிக்கவில்லையாம். இப்படியே அந்தச் சேலை மாறிக்கொண்டே இருந்தது. அவன் அம்மாவோ அப்படி ஒரு சேலையைக் கண்ணாலும் கண்டதில்லை. கடைசியில் பாப்பாவே கேட்டுவிட்டாள், “ஒங்களுக்குச் சேலைதான் வேணுமா?” என்று. அப்படித்தான் அது தொடங்கியது. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். சாதகத்தைத் தரகரிடம் கொடுத்து, அவர் தேடிப் பிடித்த சம்பந்தம் மாதிரியே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பாப்பா இப்படிச் சிரித்த முகமாக நடமாடி நான் பார்த்ததே இல்லை. என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெண் பார்க்க வந்தார்கள். ரோடு கெட்டுக் கிடப்பதால் வேன் கீழேயே நின்றுவிடும், நடந்துதான் ஏற வேண்டும். நான் இறங்கிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அம்மா, இன்னும் இரண்டு உறவுக்காரர்கள். அந்த அம்மா நல்ல திடகாத்திரம், பேச்சும் என்னை மாதிரியே வெட்டொன்று துண்டிரண்டு. பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. வளைவில் மூச்சு வாங்க நின்றவர், கல்லைப் பார்த்தார். எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்.

“ஓம்... மணி... பத்மே... ஹூம்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “யாருங்க இந்த மணி?” என்றார்.

நான் முதலில் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. “ஐயையோ, அது ஆளு இல்லீங்க, மந்திரங்க!”

“மந்திரமா? சாமி சத்தியமான்னு ஓம் போட்டிருக்கான். தன் பேரை எழுதியிருக்கான். பொண்ணு பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். கடைசியில ஹூம்னு பெருமூச்சு வேற விட்டிருக்கான். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?”

“எழுதினது நாந்தாங்க!”

“நீங்களா? ஒங்க அக்கா மகளை நெனச்சி நீங்க எதுக்குங்க பெருமூச்சு விடுறீங்க?”

சட்டென்று ஒரு யோசனை வந்து, குவைத்திலிருந்து நேபாளத்துக்கே திரும்பிவிட்ட என் கூட்டாளிக்கு வீடியோ கோல் எடுத்தேன். அவள் வாயால் ஒரு தடவை சொன்னால் போதுமே. எங்கள் மலையில் சிக்னல் கிடைப்பதே குதிரைக்கொம்பு, அன்றைக்குப் பார்த்துக் கிடைத்தது. அவள் முகம் வந்தது, வாயைத் திறந்தாள், அப்படியே உறைந்துபோய் நின்றுவிட்டது. அந்த அம்மா போனுக்குள் உற்றுப் பார்த்துவிட்டு, “இது யாரு, மணியோட அம்மாவா?” என்றார்.

வீட்டுக்கு வந்தார்கள், உட்கார்ந்தார்கள். ஆனால் பாப்பா கொண்டுவந்து வைத்த டீயை யாரும் வாயில் வைக்கவில்லை. “சொல்லி அனுப்புறோம்” என்று எழுந்து போனார்கள். அந்தப் பையன் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இறங்கினான். பாப்பா சேலையோடு வாசலில் நின்றாள். ஆறிப்போன டீயெல்லாம் மேசையில் ஆடை கட்டி இருந்தது. அக்கா என்னை ஏசியிருந்தாலாவது பரவாயில்லை, அவள் ஒரு வார்த்தை பேசாமல் கோப்பைகளை எடுத்துக் கழுவினாள்.

மறுநாள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. எல்லாரும் ஆளுக்கொரு மணியைப் பிடித்துக்கொண்டார்கள். தொழிற்சாலை மணி என்றார்கள், மேல்கணக்கு லயத்து மணி என்றார்கள். ஆட்டோ ஓட்டுகிற மணியின் பெண்சாதி நேரே எங்கள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“என் புருசன் பேரை எதுக்குக் கல்லுல எழுதின?”

“ஒன் புருசன் பேரை எழுத எனக்கென்ன கிறுக்கா? அந்த மொகரைக்கு மந்திரம் ஒண்ணுதான் கொறைச்சல்!”

“என் புருசன் மொகரைக்கு என்னா கொறைச்சல்?”

இப்படி நாங்கள் இரண்டு பேரும் பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்தவர்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு ஆனோம். ஆனால் உள்ளே வந்து பார்த்தால் பாப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குவைத்தில் இருந்த அத்தனை வருஷமும் நான் போனில் பார்த்து வளர்த்த பிள்ளை அவள். அவள் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்று, என் கல்லில் வந்து முட்டி நிற்கிறது.

அந்தப் பையன் நல்லவன். வீட்டில் சண்டை போட்டு, சாப்பிடாமல் இருந்து, என்னென்னமோ செய்து அம்மாவைச் சம்மதிக்க வைத்திருந்தான். போனில் பாப்பாவிடம் சொன்னான், “அடுத்த ஞாயித்துக்கெழமை அம்மா இன்னொரு தடவை வர்றாங்க. இந்தத் தடவையும் மனசு ஒப்பலைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க.”

நான் அன்றைக்கே சுண்ணாம்பைக் கரைத்தேன். மந்திரமாவது மண்ணாங்கட்டியாவது, பிள்ளையின் வாழ்க்கைதான் பெரிது. கூட்டாளியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு இறங்கினேன். மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கையை ஓங்கும்போது, பின்னாலேயே ஓடி வந்த பாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழிக்காதீங்க சின்னம்மா.”

“விடுடி. இது இருந்தா ஒனக்குக் கலியாணம் நடக்காது.”

“அழிச்சாத்தான் நடக்காது. பயந்துபோய் அழிச்சிட்டாங்கன்னு சொல்லுவாங்க. அப்புறம் இந்தச் சுண்ணாம்பு இருக்கிற வரைக்கும் அதுக்குள்ள என் பேரு இருக்குன்னு ஆயிரும்.” அழுது வீங்கிய கண்ணோடு கல்லைப் பார்த்தாள். “ஒங்க கூட்டாளி ஊர்ல இந்த மாதிரி ஒரு கல்லுதான் இருக்கா?”

“ஒண்ணா? மதில் மாதிரி அடுக்கி வச்சிருப்பாங்களாம். பாதை நெடுக இருக்குமாம்.”

“அப்ப நீங்க எழுதினது தப்பில்ல சின்னம்மா. ஒண்ணே ஒண்ணு எழுதினீங்க பாருங்க, அதுதான் தப்பு. ஒரு கல்லுல எழுதினா காதல். பாதை பூரா எழுதினா?”

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். என்ன மூளை இந்தக் கழுதைக்கு! எனக்குத் திபெத்தைப் பற்றி அவ்வளவு ஆசை இருந்தும் இது தோன்றவில்லையே.

மறுபடியும் பதுளைக்குப் போனேன். பெயின்ட் டின்களை அடுக்கி வைக்கச் சொன்னபோது நானா கண்ணை விரித்தார். “என்னம்மா, எலெக்ஷன் கேக்கப் போறீங்களா?”

“இல்ல நானா, கலியாணம்.”

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்த பிறகு வெளிச்சம் இருக்கும் மட்டும் எழுதினோம். தேயிலைக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓடும் கான்களில் புரண்டு கிடந்த கற்கள், ஆற்றோரத்து வழவழப்பான கற்கள், இடிந்த கக்கூசின் அத்திவாரக் கற்கள் எல்லாவற்றையும் பாதையோரம் கொண்டுவந்து அடுக்கினோம். ஏறும்போது எல்லாம் வலக்கைப் பக்கம் வருகிற மாதிரி வைத்தேன். இறங்கும்போது இடக்கைப் பக்கம் ஆகிவிடுமே என்று கவலைப்பட்டேன். “எறங்கும்போது பாக்காம எறங்கச் சொல்லுங்க” என்றாள் பாப்பா. அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். தன்னுடைய பெயரைத் தானே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு, கன்னத்தில் பெயின்ட் அப்பியிருக்க, மெல்லச் சிரிக்கவும் தொடங்கியிருந்தாள். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து கற்களைக் கழுவிக் கொடுத்தாள். பிறகு பீலியடிப் பெண்கள் வந்தார்கள். கடைசியில் ஆட்டோக்காரரின் பெண்சாதியும் ஒரு கல்லை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“தூரிகையைக் குடு. என் புருசன் பேரை நானே எழுதுறேன்.”

எழுதினாள். அந்தக் கல்லில் மணி மட்டும் மற்ற எழுத்துகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருக்கும், இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையிலேயே மழை பெய்து விட்டிருந்தது. அம்மாவும் மகனும் மட்டும்தான் வந்தார்கள். அந்த அம்மா கட்டியிருந்த சேலையைக் கண்டதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, பாப்பா எனக்குப் போனில் காட்டியிருந்த, அவள் கடையில் அத்தனை தடவை மாறிப்போன அந்தச் சேலைதான் அது. ஆனால் முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. ரோட்டோரத்து முதல் கல்லைப் பார்த்ததும் இன்னும் இறுகியது. “ஓம் மணி பத்மே ஹூம்” என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தார். இரண்டாவதையும் வாசித்தார். மூன்றாவதில் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கண்ணை மேலே ஓட்டினார். பாதை வளைந்து வளைந்து ஏறுகிற மட்டும், தேயிலைக்கு நடுவே, வெள்ளை வெள்ளையாகக் கற்கள்.

“எந்தப் பைத்தியம் இத்தனை கல்லுல காதல் எழுதும்?” என்றார்.

“அதத்தாங்க நானும் அன்னைக்கிருந்து சொல்றேன்” என்றேன்.

எழுத்துத் தெரிந்தவர்களின் கண் சும்மா இருக்காது இல்லையா? ஒவ்வொரு கல்லாக வாசித்துக்கொண்டே ஏறினார். முதலில் எழுத்துக்கூட்டி, பிறகு எழுத்தைப் பார்க்காமலேயே, பிறகு மூச்சு வாங்குவதற்குத் தோதாக, ஒரு எட்டுக்கு ஒரு சொல். பாதி வழியில் “ஆ” என்று காலை உதறினார். கணுக்காலில் அட்டை. பையன் நசுக்கப் போனான். நான் தடுத்து, மெல்ல நகத்தால் வழித்தெடுத்து, “போயிட்டு வா தாயே” என்று புல்லில் விட்டேன்.

“அட்டையை யாராச்சும் தாயேம்பாங்களா?”

“எல்லா உயிரும் ஏதோ ஒரு பொறவியில நமக்கு அம்மாவா இருந்திருக்குமாங்க. இந்த மந்திரக்காரங்க அப்படித்தான் நம்புறாங்க.”

அவர் காலில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். “அட்டையே அம்மான்னா, வரப்போற மருமகளும் எனக்கு ஒரு பொறவியில அம்மாவா இருந்திருப்பாளா?”

“இருந்திருப்பாங்க” என்றேன்.

“ம்” என்றார். “இன்னும் எத்தனை கல்லு இருக்கு?”

வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. உள்ளே வரக்கூட இல்லை, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பாப்பா தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மா ஒரே மூச்சில் குடித்துவிட்டு அவளை அண்ணாந்து பார்த்தார். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கீழேயிருந்து இங்க வரைக்கும் ஒன் பேரைத்தான்டி சொல்லிக்கிட்டே ஏறி வந்திருக்கேன்” என்றார். “காலு நின்னுருச்சு, வாயி நிக்க மாட்டேங்குது. இனிமே ஒன்ன வேணாம்னு சொல்ல எந்த வாயால சொல்லுவேன்?”

பாப்பா அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அந்த அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே, “டீயைக் கொண்டாங்க, அன்னைக்குக் குடிக்காததையும் சேத்துக் குடிக்கணும்” என்று எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். அக்கா அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். நான் கீழே வளைவுக்கு ஓடி, என் கல்லைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், ஆட்டோக்காரரின் பெண்சாதி பார்த்துவிட்டாள்.

கலியாணம் பதுளைக் கோயிலில் நடந்தது. பாப்பா இப்போது வெலிமடையில். நான் கற்களை எல்லாம் வீடியோ எடுத்து என் கூட்டாளிக்கு அனுப்பினேன். நடந்ததை எனக்குத் தெரிந்த அரபியில் குரல் பதிந்து அனுப்பினேன், அவள் விழுந்து விழுந்து சிரித்த சத்தம் திரும்பி வந்தது. கடைசியில் அவளும் ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் ஊர்க் கல்மதிலில், அவர்களுடைய எழுத்துக்கு நடுவே, கோணல்மாணலாகத் தமிழில் ஒரு ‘மணி’. நான் எழுதியதைப் பார்த்து எழுதினாளாம்.

போன வாரம் பாப்பா ஒரு படம் அனுப்பினாள். மாமியார் தாமாகவே ஒரு கல்லைத் தேடி, தாமே எழுதி, லீக்ஸ் பாத்தி ஓரத்தில் நட்டு வைத்திருக்கிறாராம். பார்த்தேன். ‘ஓம் மணி பத்மே ஆம்’ என்று எழுதியிருந்தது. தப்பைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது என்று ஊருக்கே தெரியும். உடனே போன் எடுத்தேன். பாப்பா எடுக்கவில்லை, மாமியார்தான் எடுத்தார். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

“ஹூம்னு பெருமூச்சு எதுக்குங்க? அதான் புள்ள வீட்டுக்கு வந்துட்டாளே!”

நான் திருத்தவில்லை.